வயலின்கள் நிற்கும் இடம்

மகள் இலுப்பூர் சாலையில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்த பிறகு, எங்கள் வீட்டில் பகலெல்லாம் ஒரே ஆல்பம்தான் ஓடியது. தானே எழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிறவர் ஒருவருடையது. மாதம் தவறாமல் புதுப்பாட்டு வெளியிடுகிற மனிதர். பாதிக்கு மேல் என் மனதில் நின்றதில்லை.

"விழுந்தப்பவும் காதுல இவருதானே பாடிக்கிட்டிருந்தாரு?" என்றேன்.

"காதுல பாட்டு ஓடலம்மா, ரோட்டுல ஆடு ஓடுச்சு. அதையும் அவரா ஓட்டிவிட்டாரு? சும்மா ஒக்காந்து வரிசையா கேளு."

கேட்டேன். தெருவில் யாராவது பிரேக் போட்டாலே கை வேலை நின்றுபோகிற நாட்கள் அவை. அவர் குரல் சாதாரணக் குரல்தான். சுற்றிலும் அடுக்கடுக்காய் வயலின்கள், அடியில் செல்லோ, எதிர்பாராத இடத்தில் ஒரு நாதஸ்வரம், பின்னால் பெண்களின் கூட்டுக்குரல். முதல் பாட்டோ, மழைக்கு முன் கொடித்துணி எடுப்பதைப் பற்றியது. இதற்கா இத்தனை வாத்தியம் என்று நினைத்தேன். ஆனால் துணியை உருவி உருவித் தோளில் போடுகிற அவசரம் அந்த வயலின்களில் இருந்தது. நனைந்துவிடுமோ என்று எனக்கே பதறியது. அத்தனை நெருக்கமான இசைக்குள் வேறு பயம் நுழைய இடமில்லை. பயந்து பயந்து வந்த என் அசதிக்கு அது போதுமாக இருந்தது.

கடைசிக்கு முந்தைய பாட்டில் மட்டும் எல்லாம் சட்டென நின்று, அவர் தனியாக முனகுவார். விபத்தைச் சொல்ல வந்த போன் அங்கே எனக்குள் மறுபடி அடிக்கும். அந்தப் பாட்டைத் தள்ளிவிடச் சொல்வேன்.

"ஆல்பத்துலயே அதாம்மா நல்ல எடம்," என்பாள்.

அவள் தோள் கூடியது, ஸ்கூட்டியும் பழுது பார்த்து வந்தது. அடிபட்ட வண்டியைச் சாமி கும்பிட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் மறுபடி எடுப்போம். ஆடி போகட்டும் என்றேன். ஆவணி வந்ததும் நாள் சரியில்லை என்றேன்.

"பஸ்ஸுல போயேன் தாயி."

"புதுக்கோட்டைக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். ஒன் பயத்துக்கு ஆபீசுல எத்தன நாளு லீவு தருவாங்க?"

"நீ நாள் பாத்து முடிக்கிறதுக்குள்ள பழம் அழுகிரும்," என்று சொல்லிக்கொண்டே என் கணவர் சக்கரங்களுக்கு அடியில் பழங்களை வைத்தார். அவள் நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் "மெதுவா" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே வந்து ஆல்பத்தைப் போட்டேன். கொடித்துணிப் பாட்டு வந்ததும் போனதும் தெரியவில்லை. எல்லாம் நிற்கும் இடத்தை அன்று தள்ளிவிடவும் தோன்றவில்லை. அது முடிந்து வெகுநேரம் கழித்து அழைத்தாள்.

"வந்துட்டேம்மா."

சரி என்றேன். சாயங்காலம் அதே சாலையில் அவள் திரும்பி வர வேண்டும்.