இடது கையில் ஓடும் மோட்டார்

என் பட்டன் கடைக்கும் தையல்கார அக்கா கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதனால் அக்காவுக்குக் கிட்னி பழுதான சேதி, அவள் புருஷனுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் வந்தது. தெருவுக்கு என் மூலமாகப் போனது.

டயாலிசிஸ் என்றதுமே அக்கா மிரண்டுவிட்டாள்.

"பெரிய ஊசியா குத்துவாங்களாம்டா தம்பி."

"நாள் பூரா ஊசியோட குடும்பம் நடத்துற, உனக்கு ஊசின்னா பயமா?"

"அது துணியைக் குத்துது. இது என்னைக் குத்தப்போகுதுடா!"

டயாலிசிஸ் மெஷினில் உட்காரும் முன்பே இடது முன்கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துவிட்டால், சில வாரங்களில் ஒன்று தடித்து ஊசிக்குத் தயாராகுமாம். பெயர் ஃபிஸ்டுலா. அங்கே விரல் வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு.

"தினமும் தொட்டுப் பாருங்க," என்றாள் நர்ஸ். "இந்தக் கையில பிரஷர் பார்க்க விடாதீங்க, ரத்தம் எடுக்க விடாதீங்க. வாட்ச், வளையல் எதுவும் வேணாம். அதிர்வு குறைஞ்சா அப்பவே ஓடி வாங்க."

அக்கா வளையலைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள். தினமும் கடை திறந்ததும், "மோட்டார் ஓடுதுடா!" என்று சுவர் வழியாக எனக்கொரு சத்தம்.

பள்ளிச் சீருடை தைக்கும் சமயம், தலைக்கு மேல் வேலை. ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்தால் அக்கா கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"தம்பி, மோட்டார் எங்கயோ தூரத்துல ஓடுற மாதிரி இருக்குடா."

'கரண்ட் போயிருக்கும்' என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இடது மணிக்கட்டில் குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தை, எலாஸ்டிக் போட்டு இறுக்கமாக. தையல்காரிக்கு அது நகையா, வாட்சா? கையோடு பிறந்த மாதிரி. கழற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை அவளுக்கு.

நானே கத்தரியை எடுத்து எலாஸ்டிக்கை வெட்டினேன்.

"காலைல போலாமே," என்று இழுத்தார் அப்போதுதான் கடைக்குள் வந்த புருஷன்.

"அதுக்குள்ள அடைச்சிக்கிச்சுன்னா டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாய் சொருகுவாங்க," என்றாள் அக்கா. " ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு நர்ஸ் முறைத்தாள். "ஓட்டம் குறைஞ்சிருக்கு, ஆனா அடைக்கல. இப்பவே வந்தீங்களே, கை தப்பிச்சுது. இனிமே இந்தக் கையில எதையாவது கட்டுனீங்க..."

முதல் டயாலிசிஸ் முடிந்து அக்கா துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வந்தாள். போகப் போகப் பழகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அங்கே, மற்ற நாள் தையல். தண்ணீர் மட்டும் அளந்துதான். ஊசி ஏறும்போது இப்போது கண்ணை மூடுவதில்லை. நர்ஸ் போட்டிருக்கும் சட்டையில் தோள்பட்டைத் தையல் சரியில்லை என்று அக்கா குறை சொல்கிறாளாம்.

அந்தப் பஞ்சு மெத்தை? புதிய எலாஸ்டிக் போட்டு, புருஷன் கையில் கட்டிவிட்டாள். அக்கா தைக்க, மனுஷன் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயோ, குத்துதுடி!"

"உங்க கை சும்மாதானே இருக்கு, காட்டுங்க!"

சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கிறது.