யாரு வூட்டு வாத்து?

சட்டியில் அகப்பை தட்டுகிற சத்தம். அதன் பின்னாலேயே அம்மாவின் குரல்... "பா... பா... பா..."

தீபாவளிக்கு முந்திய மழைச் சாயங்காலம் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். பட்டாசு இல்லை.

இப்போது நாங்கள் இருப்பது புஞ்சாக் ஆலாமில், ஒரு வாடகை ஃபிளாட்டில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த பிளாக்கின் ஜன்னல். ஆனாலும் மழை பிடித்ததும் அம்மா தவறாமல் கேட்பார்: "அதுங்க வந்திருக்குமாடி?"

அதுங்க என்றால்... சொல்கிறேன்.

அப்போது புக்கிட் பெலிம்பிங் பக்கம் எண்ணெய்க்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் கடைசி லயம். வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். அம்மா அதில் வாத்து வளர்த்தார். மீந்த சோற்றில் தவிடு பிசைந்து சட்டியைத் தட்டினால் வெள்ளை வாத்துகள் கரையேறி வரும். அதற்குள் மைனாக்கள் வந்து சட்டி ஓரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மேலே மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு வருஷம் வெள்ளை வாத்துகளுக்குப் பின்னால் புதிதாகச் சில வந்தன. சின்ன உடம்பு, பழுப்பு நிறம். மற்றவை போலக் கத்தவில்லை. விசிலடித்தன.

காட்டு வாத்து என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. யார் வீட்டிலிருந்தோ தப்பி வந்துவிட்டது என்று நினைத்து, மழையில் நனைந்துகொண்டே வாசல் வாசலாகக் கேட்டார்.

"யாரு வூட்டு வாத்துங்க? எங்க கொளத்துல நிக்குது, வந்து ஓட்டிட்டுப் போங்க."

தீபாவளி நேரம். சும்மா விடுவார்களா? மூன்று வீட்டில் "எங்களுது" என்றார்கள். மறுநாள் மூன்று வீட்டாரும் குளக்கரையில் சாக்கோடு நின்றார்கள். முன்னால் பக்கத்து வீட்டு லோரி டிரைவர், முத்து மாமா.

"சத்தியமா என்னோடதுக்கா. குஞ்சுலேருந்து வளத்தேன்."

"நீ வளத்தது மீசை மட்டுந்தான். ஒன் வாத்துன்னா கூப்பிடு பாப்போம்" என்றார் அம்மா.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பா... பா..." என்றார்.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் விசிலடித்து எழும்பி, லயத்துக் கூரை மேல் ஒரு வட்டம் போட்டு, அக்கரையில் போய் இறங்கியது.

"மொதலாளியப் பாத்ததும் பறக்குது லா!" என்று யாரோ கத்தினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது.

அப்புறம் யாரும் சாக்கோடு வரவில்லை. "வந்ததுங்க தின்னுட்டுப் போவட்டும்" என்று அம்மா தவிடு கொஞ்சம் கூடப் போட்டார். அடுத்தடுத்த மழைக்கும் வந்தன.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். இங்கேயே வீடு கட்டித் தருவோம் என்று தலைவர்கள் கூட்டம் போட்டார்கள். மாலை போட்டுக்கொண்டார்கள். போட்டோ பிடித்தார்கள். அந்த மண்ணில் முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் பிறகு செம்பனைப் பழம் பொறுக்கியும் ஆளே தேய்ந்துபோன அம்மாவுக்கு வீடு வரவில்லை. லயத்தை இடித்தது மட்டும் சொன்ன நாளில் நடந்தது.

போன வாரம் அம்மாவை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். குளமாவது மிஞ்சியிருக்கிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இருக்கிறது. சுற்றிலும் வேலி, காவல் கூண்டு, ஏரிக்கரை வீடுகள் என்று விளம்பரப் பலகை. பலகையில் வாத்துப் படம் வேறு. வாத்துக்காவது பலகையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்...

அக்கரையில் பழுப்பாக ஏதோ அசைந்தது. பிறகு அந்த விசில்.

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பா... பா... பா..."

நேப்பாளக் காவலாளி வேகமாக வந்தார். விரட்டத்தான் வருகிறார் என்று நானும் சண்டைக்குத் தயாரானேன். அவரோ சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார், "உங்கள் வாத்தா, அம்மா?"

அன்று லயம் முழுக்க நனைந்துகொண்டே உரிமையாளரைத் தேடிய அம்மா, இந்தத் தடவை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஆமா. எங்களுது."

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் விசிலடித்து எழும்பியது. புது வீட்டுக் கூரைகளின் மேல் ஒரு வட்டம் போட்டு, அக்கரையிலேயே போய் இறங்கியது.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"முத்துகிட்ட மட்டும் சொல்லிடாதடி."