எஸ்தர் மிஷினை நிறுத்திய செவ்வாய்க்கிழமை

1. மூன்றாவது ஜாப்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு எஸ்தர் ஃபீட் ஹோல்ட் அழுத்தினார் என்று என் டைரியில் இருக்கிறது. கணினியால் ஓடும் சி.என்.சி. கடைசல் மிஷினைப் பாதியில் நிறுத்தும் பொத்தான் அது.

நான் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் இருபத்தாறு வருடம் இருந்து, துணைத் தலைவராக ஓய்வு பெற்றவன். பிறகு, பட்டம் இல்லாத தொழிலாளர்களின் கைத்திறனுக்கும் சான்றிதழ் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசி வந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதற்கென ஒரு தேர்வுக்கூடம் அமைத்தோம். விதிகளை எழுதியவன் நான். மிஷினோடு இணைத்த டேப்லெட்டே மதிப்பெண் போடும். நடுவில் மனிதர் கிடையாது. அதுதான் எனக்குப் பெருமை.

எஸ்தர் கவரைப்பேட்டைக்காரர். ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்ட் ஹெல்பர். ஆபரேட்டர் பக்கத்தில் நின்றே வேலையைக் கற்றவர். சான்றிதழ் வாங்கினால் அந்த மாதமே ஆபரேட்டராக எடுத்துக்கொள்வதாக அவருடைய கம்பெனி சொல்லியிருந்தது.

தேர்வில் நாலு ஜாப், அதாவது நாலு உலோகத் துண்டுகள், அளவாகக் கடைய வேண்டும். மூன்றாவதில் நிறுத்தினார். கதவைத் திறந்து, டூலின் வெட்டும் முனையான இன்சர்ட்டைக் கழற்றி, வேறொன்றை மாட்டி மறுபடி ஓட்டினார். நாலும் அளவில் சரியாக இருந்தன. டேப்லெட் ‘தோல்வி’ என்றது. காரணம், தயக்கம். பாதியில் நிறுத்தினால் தயக்கம் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“சத்தம் மாறிச்சி சார். முனை பூட்ச்சி,” என்று கழற்றிய இன்சர்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு மூலை குருணை அளவு உடைந்திருந்தது.

மிஷின் அலாரம் கொடுக்கவில்லையே என்றேன்.

“அது குடுக்கறதுக்குள்ள நாலு ஜாப்பு குப்பைக்குப் போய்க்கினு இருக்கும். உங்க டேப்புக்குக் காது கீதா சார்?”

தேர்வுக்கூடத்தின் சூப்பர்வைசர் தனசேகர் சிரித்துவிட்டார். “யக்கா, அதுக்கு ரூல் போட்டதே சாருதான். அவராண்டயே வம்பு வச்சிக்கினு கீறியே.”

திருத்த எனக்கு அதிகாரம் இருந்தது. ஒரு கையெழுத்து போதும். ஆனால் எங்கள் தேர்வில் மனிதத் தலையீடே இல்லை என்று அன்று மாலை சென்னையில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுதேர்வுக்கு வரலாம் என்றேன்.

“மூணு மாசம்னா எங்களுக்கு ஒரு காண்ட்ராக்டு சார். அப்புறம் இங்க இருப்பனோ இன்னாவோ,” என்றார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாலையில் பேசினேன். கை தட்டினார்கள்.

2. பதினோரு வாரம்

மறுநாள் அந்த உடைந்த இன்சர்ட்டையே மாட்டி ஓட்டச் சொன்னேன். நாலாவது ஜாப்பும் கெட்ட பிறகுதான் அலாரம் வந்தது.

முதலில் விதி மாறட்டும், பிறகு எஸ்தரின் முடிவைத் திருத்தலாம் என்று கையெழுத்தைத் தள்ளிப்போட்டேன். விதியை மாற்ற மூன்று குழுக்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பதினோரு வாரம் ஆனது. ஒப்புதல் வந்த அன்றே எஸ்தருக்கு போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தனசேகரோடு கவரைப்பேட்டைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காண்ட்ராக்ட் முடிந்து, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்.

“அங்க பரீச்ச கிரீச்ச ஒண்ணும் இல்லியாம் சார்.”

பேக்கிங்கில் அந்தக் காதுக்கு என்ன வேலை?

இன்றும் செவ்வாய்தோறும் புறநகர் ரயிலில் வருகிறேன். கவரைப்பேட்டையில் வண்டி நிற்கும்போது பெண்கள் பெட்டிக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். தேர்வுக்கூடத்தில் மிஷின் அருகே கண்ணை மூடி நிற்கிறேன். சத்தம் மாறிவிட்டதா என்று தேர்வுக்கு வந்தவர்களைக் கேட்டால், அப்பவே மாறிடுச்சி சார் என்கிறார்கள். எனக்கு ஒருமுறையும் கேட்டதில்லை.

திறனை அளக்க வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விதி எழுதும் முன் வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு மாதம் நில்லுங்கள். கையெழுத்துப் போட முடிகிற அன்றே போடுங்கள்.

இப்போது ஃபீட் ஹோல்ட் அழுத்தினால் டேப்லெட் தோல்வி போடுவதில்லை. ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்கிறது. மறுதேர்வுப் பட்டியலில் எஸ்தரின் பெயருக்கு எதிரே தேதி மட்டும் காலியாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேதி போடுகிறவன் நான். அதை அவர் வந்து போடட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.