பையை வைத்துப் பிடித்த இடம்

வவுனியாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். குளத்துக்கு அந்தப் பக்கமுள்ள சிங்கள ஊரில் ஏறும் மாணவி என்னருகில் உட்காரக்கூடாது, அவ்வளவுதான். அப்போது எனக்குப் பதினாறு வயது.

ஒருநாள் ஒரு ஆள், "தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று இருக்கையில் இருந்த என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். தமிழ் ஆள், எங்கட ஆள்தானே என்று இடம் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் கை என் தொடையில் ஊர்ந்தது. நான் ஜன்னலோரம் ஒதுங்கினேன்; கையும் கூடவே வந்தது.

எத்தனையோ நாள் நான் நிற்கவைத்த அந்தச் சிங்களப் பெண் அதைக் கண்டுவிட்டாள். தன் கழுத்துப்பட்டியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அந்தக் கையில் ஏற்றினாள். "எழும்பு!" என்று தமிழில் கத்தினாள். அடுத்த தரிப்பிடத்திலேயே அவன் இறங்கி ஓடினான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவளோட உனக்கென்ன கதை?"

"அண்ணா ஞாயிறு ஞாயிறு அங்க போய் அவங்கட பொடியங்களோட கிரிக்கெட் விளையாடுறார்தானே?"

"அவன் ஆம்பிளைப் பிள்ளை."

மறுநாள் பையை என் மடியிலேயே வைத்திருந்தேன். அவள் ஏறியதும், "வாங்கோ, இதில இருங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கவே கூப்பிட்டேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அம்மாவிடம் போய்ச் சொல்பவர்கள் சொல்லட்டும்.

யாருக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்களில் ஒருவர்கூட, அந்தக் கையைப் பற்றிச் சொல்லித்தரவில்லை.