பாதையோரம் வைக்காத பை

லோர்னாவுக்குப் பாம்பைவிடவும் பள்ளத்தைவிடவும் பெரிய பயம் ஒன்று உண்டு: யாருக்காவது தொந்தரவாகிவிடுவோமோ என்பது. ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்ற ஊரில் ஒரு பள்ளி உணவகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தன் ரொட்டியைப் பிரிப்பாள். கணவன் போன பிறகு நாள் முழுக்கப் பேச ஆளில்லை. நடைக் குழுவின் பேருந்துப் பயணத்துக்குப் பெயர் கொடுத்ததே ஒரு சிநேகிதியாவது அமையட்டும் என்றுதான். இதிலும் அமையாவிட்டால் இனி வீடே கதி என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

வடக்கே செம்மண் பாலைக்குப் போகிற வழியெல்லாம் பக்கத்து இருக்கை க்வெண்டா பேசிக்கொண்டே வந்தாள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமைத்தவள், வாயும் அதற்கேற்ற வாய். லோர்னா "ஆமாங்க", "அப்படியா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பள்ளத்தாக்கில் இறங்கும்முன் குழுத் தலைவர் ட்ரெவர் சொன்னார்: "ஒதுங்கப் போறவங்க பையைப் பாதையோரமா வச்சிட்டுப் போங்க. கடைசியா வர்றது க்வெண்டா. பையைப் பாத்தா நின்னு காத்திருப்பா. பை இல்லேன்னா ஆள் முன்னாடி போயாச்சுன்னு நினைச்சுத் தாண்டி வந்துடுவா."

"என் பையில கேக் இருக்கு. க்வெண்டாவ நம்பி எப்படி வைக்கிறது?" என்றார் ஒருவர்.

"நீ சுட்ட கேக்கா? பாதை போட உதவும்," என்றாள் க்வெண்டா.

எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவும் கேட்டுத்தான் இருந்தாள். ஆனால் அவசரம் வந்தபோது, 'லோர்னா ஒதுங்கப் போயிருக்கிறாள்' என்று தன் பையே ஊருக்குச் சொல்லுமே என்று கூசிற்று. பையைத் தூக்கிக்கொண்டே ஒரு பெரும்பாறைக்குப் பின்னால் போனாள்.

திரும்பி வந்தபோது யாருமில்லை.

முதலில் நம்பவில்லை. விரைந்து நடந்தாள். பாதை இரண்டாகப் பிரிந்தது. கல்தரையில் காலடித் தடமேது? இடப்பக்கம் போனாள், வழியை அடைத்து நின்றது ஒரு பாறைச்சுவர். அதன் அடியில் உலர்ந்த சேறு ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. தலைக்கு மேலே வானம் ஒரு கீற்று. ஈக்கள் கண்ணோரம் மொய்த்தன. புட்டியில் தண்ணீர் பாதிகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தொலைவில் "கூ...ஈ!" என்று ஒரு குரல். காட்டில் தொலைந்தவரைத் தேடும் கூவல். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பதில் கொடுக்க வாயைத் திறந்தாள். அத்தனை பேரும் தனக்காக வெயிலில் நிற்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். குரல் மறுபடி வந்தது, இன்னும் தொலைவிலிருந்து. பிறகு வரவே இல்லை.

அந்த நிசப்தத்தில்தான் சாவு பயம் வந்தது. வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ, அடிவயிற்றிலிருந்து "கூ...ஈ!" என்று அலறினாள். மீண்டும் மீண்டும் அலறினாள். இரு சுவர்களும் அவள் குரலையே திருப்பி எறிந்தன.

கற்கள் சரியும் ஓசை. ஓடியதில் கால் இடறி, நொண்டிக்கொண்டு வந்தாள் க்வெண்டா. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"ஒதுங்க..."

"பை?"

"எடுத்துட்டுப் போயிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு."

"காலையிலேருந்து டீயா ஊத்திக்கிட்டிருக்கோம். யாருக்குடி தெரியாது? சரி, நான் கத்துனது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. தொந்தரவா இருக்குமேன்னு..."

க்வெண்டா பொத்தென்று உட்கார்ந்தாள். புட்டி மூடியைத் திறக்கப் பார்த்தாள். விரல்கள் உதறின, முடியவில்லை. "உன்னைத் தாண்டிப் போனவ நான். எங்கேயாவது விழுந்து கிடக்கியோன்னு... பாவி, செத்துப் பொழைச்சேன்டி."

லோர்னா மூடியைத் திறந்து கொடுத்தாள். தனக்காக ஒருத்தி இப்படி நடுங்குவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

இருவரும் பிரிவுக்குத் திரும்பி, மற்றவர்கள் போன வலப்பக்கப் பாதையைப் பிடித்தார்கள். அது மேலேறி ஓரிடத்தில் ஒற்றையடி விளிம்பாகக் குறுகியது. கீழே பார்க்கவே முடியாத ஆழம். லோர்னா நின்றுவிட்டாள். வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கப் போனவள், திரும்பினாள்.

"எனக்குப் பயமா இருக்கு, க்வெண்டா. கையப் பிடிச்சுக்கயேன்."

"நீ கேக்கலேன்னா நான் கேட்டிருப்பேன்," என்றாள் க்வெண்டா. "கீழ பாக்காத. என்கிட்ட எதையாவது பேசிக்கிட்டே வா. இப்பவாவது பேசு!"

வியர்த்த இருவர் கைகளும் வழுக்கி வழுக்கி இறுகின. பாறைச் சுவரோடு ஒட்டி நடந்தபடி லோர்னா பேசத் தொடங்கினாள்.