இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்

மாடுகளை மேய்ச்சலிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்போதும் ஒட்டிலி அத்தையின் கைகள் காலுறை பின்னிக்கொண்டிருக்கும். நூலுருண்டை இடுப்பில் கட்டிய துணிப்பையில் கிடக்கும். கண் மாடுகள்மேல். ஏதாவது ஒன்று சோளக்கொல்லைப் பக்கம் திரும்பினால் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு கல்லெடுத்து எறிவார். குறி தப்பாது. பிறகு விட்ட இடத்திலிருந்து பின்னல் தொடரும்.

நான் அவருடைய மூன்றாவது மகன் எமிலின் மனைவி. நெப்ராஸ்காவிலிருக்கும் இந்தப் பண்ணைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. எனக்குப் பேச்சு குறைவு, பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தைக்கு ஐம்பத்தொன்பது வயது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும் முன் ஒரு தடவை தரையைப் பார்ப்பார், கிணற்றின் ஆழத்தைப் பார்ப்பதுபோல. முதுகு வலிக்கிறதா என்று கேட்டால், "வலிக்காத நாள் வந்தா சொல்றேன். அன்னிக்குப் போதகரைக் கூட்டிட்டு வா" என்பார். இலையுதிர் காலத்தில் முட்டைக்கோசைச் சீவி உப்பிட்டு, ஜாடியில் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைப்பார். நிலவறைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்து ஒரு பெருமூச்சு. "குடுத்து வச்ச கல்லு. உக்காந்த எடத்துலயே வேலை முடிஞ்சிடுது."

காலையில் காப்பி வைக்கும்போது எங்கள் எல்லோருக்கும் கோப்பையின் பிடி கைப்பக்கம் இருக்கும். மாமா கிறிஸ்டோஃபுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கும். மாமா அதைத் திருப்பிக்கொள்ள மாட்டார். இரண்டு உள்ளங்கைகளாலும் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக் குடிப்பார். அவசரத்தில் அப்படி வைக்கிறார் என்றுதான் முதல் மாதம் நினைத்தேன்.

ஒரு நாள் தலையணைக்காக உயிருள்ள வாத்துகளுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தபோது அத்தையே சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், கப்பலிலிருந்து இறங்கி நெப்ராஸ்காவுக்கு ரயிலில் வந்த வழியில், பதினான்கு மாதக் குழந்தை ஆல்வினா மடியிலேயே அடங்கிவிட்டாள். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி ஒரு சின்ன ஊரில் நின்றது. சாமான் எல்லாம் அதே வண்டியில். கையில் இன்னொரு பயணத்துக்குக் காசில்லை. அடக்கம் செய்யச் சொல்லி யாரோ ஒருவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, மாமா ஏறச் சொன்னார்.

"அவரு ஏறுன்னாரு. நான் ஏறிட்டேன்" என்றார் அத்தை. வாத்து அவர் முழங்கால்களுக்கிடையே திமிறிக்கொண்டிருந்தது. இறகு பிடுங்குவதை அவர் நிறுத்தவில்லை. அதன்பின் இங்கே பிறந்த ஏழு பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியாது. மாமா அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையாம்.

எங்கள் சபையில் யாராவது இறந்தால், அடக்கத்துக்கு முன் போதகர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வாசிப்பார். பெண் இறந்தால் விவரம் கொடுப்பது புருஷன்தான். ஆண்களுக்கு இரண்டு பக்கம் வரும், பெண்களுக்கு ஆறு வரி. போன குளிர்காலத்தில் கீழ்ப்பண்ணை ஹெர்போல்ட், இரண்டாம் மனைவியின் அடக்கத்துக்கு முதல் மனைவி பிறந்த ஊரையும் தேதியையும் கொடுத்துவிட்டார். போதகர் அதை அப்படியே வாசித்தார். பெண்கள் வரிசையில் கைக்குட்டைகள் வாய்க்குப் போயின. அத்தை சிரிக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது, "செத்தவ எழுந்து வந்து திருத்தவா போறா?" என்றார். அடுத்த ஞாயிறே போதகரிடம் போய், தன்னுடையதை இருக்கும்போதே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

போதகர் வீகண்ட் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வந்தார். காப்பியும் பிளம் பழம் பதித்த கேக்கும் வைத்தோம். பிறந்த ஊர், ஞானஸ்நானம், கல்யாணம், கப்பல் என்று கேட்டதற்கெல்லாம் அத்தை பின்னிக்கொண்டே பதில் சொன்னார். பிள்ளைகள் எத்தனை என்று வந்தபோது, போதகர் பழக்க தோஷத்தில் மாமா பக்கம் திரும்பினார்.

"ஏழு" என்றார் மாமா.

ஊசிச் சத்தம் நின்றது. அத்தை புருஷனைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. இருட்டும் நேரத்தில் கடைசி மாடு வந்து சேர்வதற்காக நிற்பவரின் பார்வை அது.

"நானே சொல்லிடலாம்" என்றார். "ஆனா நீங்க சொல்லணும். ஏறச் சொன்னது நீங்கதான்."

என் கணவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். மாமா உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"எட்டு" என்றார். "மூத்தது ஆல்வினா. ரயில்ல போச்சு. எந்த ஊருன்னு தெரியாது போதகரய்யா. எறங்கிக் கேட்டிருக்கணும். கேக்கல."

போதகர் எழுதினார். அத்தை எட்டிப் பார்த்தார். "அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்கய்யா. உங்களுக்குக் கண்ணு சரியில்ல. வாசிக்கிறப்ப தாண்டிப் போயிடுவீங்க."

மாமாவின் காப்பி ஆறிப்போயிருந்தது. அத்தை தரையை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தார். ஆறிய காப்பியைக் கழுநீர் வாளியில் கொட்டி, சூடாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நாற்காலிக்குத் திரும்பியவர் பாதியில் நின்றார். மறுபடி வந்து, ஒரு விரலால் கோப்பையின் பிடியை மாமாவின் கைப்பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.