எட்டு வீட்டுக்கு ஒரு தனி அறை

ஆயத்த ஆடை கம்பெனியில் காலர் தைப்பவள் என்பதாலும், நாக்கு அதைவிடக் கூர்மை என்பதாலும் அவளுக்கு ஊசி என்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் இருந்த வரிசையில் எட்டுக் குடும்பம், குடும்பத்துக்கு ஒரே அறை. குழாயும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது.

தொற்று பரவத் தொடங்கியதும் சுகாதாரத் துறைப் பெண் வந்து, "இருமல் வந்தவங்களைத் தனி அறையில வைங்க" என்றாள்.

"இருக்கிறதே ஒரு அறை. அதுல எதைம்மா தனியா வைக்கிறது?" என்று ஊசி சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட்டுத் தெருக்காரர்களுக்கு மாடி இருந்தது. நோயாளி மேலே, மற்றவர்கள் கீழே. வேலையும் வீட்டிலிருந்தபடியே நடந்தது. நோய்க்கு ஏழை பணக்காரன் தெரியாது என்று சொன்ன புண்ணியவானை இந்தக் குழாயடியில் ஒரு காலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

காவலாளி வேலை பார்த்த அவள் கணவன் ஒருநாள் இருமிக்கொண்டே வந்தபோது ஊசி முதலில் மகளைத்தான் பார்த்தாள். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. மூவருக்கும் ஒரே பாய். வெளியே சொல்லவும் முடியாது. தெருவில் ஒருவருக்குத் தொற்று என்றாலும், வரிசைப் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் அங்கே நிற்காது என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதனால் அவன் இருமும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். அந்த வாரம் வரிசை முழுக்க டிவி அலறியது. இவர்களுக்கெல்லாம் திடீரென்று காது மந்தமாகிவிட்டதா என்று அவளே எரிந்து விழுந்தாள்.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது. டிவிகள் ஒன்றாக வாயை மூடின. முதலில் அவள் கணவன் இருமினான். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. எதிர்க்கோடியிலிருந்து இன்னொன்று. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஊசி வெளியே வந்தாள். "போதும் நடிச்சது. என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிறா. அவளை இந்தக் காத்துல வச்சு நான் கொல்ல மாட்டேன். இருமுறவங்க எல்லாம் என் அறைக்கு வந்துடுங்க."

"பஸ் நின்னுடுமே, அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நிக்கட்டும். நாம யாரும் போகலைன்னா காலரை யாரு தைப்பா? காலர் இல்லாத சட்டையை அவங்களே போட்டுக்கட்டும்."

கடைசி வீட்டு டிரைவர் கதவை விரியத் திறந்தார். "இங்க ரெண்டு ஜன்னல் இருக்கு. பாப்பாவை அனுப்பு தங்கச்சி. நாங்க பக்கத்து வீட்டுல படுத்துக்கிறோம்."

இருந்த அரிசியைச் சேர்த்து ஒரே உலை வைத்தார்கள். நோயாளிகளுக்குக் கஞ்சி வாசலில் இறங்கியது. ஊசி டிரைவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, மகளுக்கு மூச்சு இழுக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். பயத்தில் சாமியையும் திட்டினாள், மேற்பார்வையாளரையும் திட்டினாள். மகளின் மூச்சு சீராகவே இருந்தது. நோயாளிகள் இருந்த தன் அறையில் ஆண்கள் சீட்டாட்டத்தில் தெம்பாகச் சண்டை போடும் சத்தம் கேட்ட அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சொன்னபடியே சில நாள் வராமல் இருந்த பஸ், ஆர்டர் தேங்கியதும் தானாகவே தெருமுனைக்கு வந்து நின்றது.

சுகாதாரத் துறைப் பெண் மறுபடி வந்தாள். பழக்கதோஷத்தில், "தனி அறை இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கும்மா," என்றாள் ஊசி. "எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணு இருக்கு."